கசெட்டில் பிழை இல்லை

போன வருஷம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது, கடையில் இப்போது வேலை செய்கிறவர்கள் ஒரு புது மதர்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் புரொசசர் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது, சூடு ஏறினால் தானே குறைத்துக்கொள்கிறது. அந்தக் காலத்தில் நீங்கள் இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஜம்பர் என்கிற சின்னச் செருகியைக் குறடால் பிடுங்கி வேறு ஊசியில் செருகுவோம் என்றேன். சிரித்தார்கள். சிரிக்கக்கூடியதுதான். ஆனால் அந்த ஜம்பரை நான் ஒரு தடவை வைக்கக்கூடாத இடத்தில் வைத்ததால் ஒரு பெண் எட்டு நாள் அந்தரத்தில் நின்றாள். அதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. எழுதித் தாருங்கள் என்றார்கள்.

நான் மலையகத்து ஆள். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் எலெக்ட்ரீஷியன். மோட்டார், பெல்ட், கொழுந்து காயவைக்கும் இயந்திரத்தின் சூடு, இவைதான் எனக்குத் தெரிந்த உலகம். தொழிற்சாலையை மூடினார்கள். கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து, இரண்டு வருஷம் டிவி திருத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போனேன். வகுப்பில் எல்லாரும் என்னைப் படிப்பிக்க வந்த சேர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். நாற்பத்தொரு வயதில் வெள்ளவத்தையில் மிஸ் ஸ்டெல்லாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கடை. மிஸ் ஸ்டெல்லா கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். என்னைவிட இரண்டு வயது இளையவர். அதற்குமுன் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் இயந்திரங்களைப் பராமரித்தவர். அவர் யாரையும் ஏசி நான் பார்த்ததில்லை. பிழை கண்டால் ஒரு கேள்வி கேட்பார், பிறகு பதில் வரும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குப் பயந்து இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். வேலைக்காரர் எல்லாரும் அவருக்கு ‘மிஸ்டர்’தான். நான் மிஸ்டர் குமார். தோட்டத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அது யுத்த காலம். அதோடு மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க நேரம் குறித்து மின்வெட்டு. வெள்ளவத்தையில் எங்கள் பகுதிக்குக் காலை எட்டு மணிக்குக் கரண்ட் போகும், பத்தரைக்கு வரும். மறுபடி மாலை மூன்றரைக்குப் போய் ஆறுக்கு வரும். கடை நேரத்தில் இடைவிடாமல் கிடைப்பது ஐந்து மணித்தியாலம். ஒரு கணினிக்கு ஆறு மணித்தியால வேலை இருந்தால் அந்த வேலை முடியவே முடியாது. புது புரொசசர் வாங்க எல்லாராலும் முடியாது. ஆகவே இருக்கிற புரொசசரை வேகமாக ஓட வைத்துத் தாருங்கள் என்று கேட்டு வந்தார்கள். கணினி விளையாட்டுக்காரர்கள் வேடிக்கைக்குச் செய்கிற காரியம் எங்களுக்கு மின்வெட்டுக்கு இடையில் பிழைக்கும் வழியாயிற்று.

வேலை இதுதான். மதர்போர்ட்டுக்கு ஓர் அடிப்படை வேகம் உண்டு. அன்றைக்கு அது அறுபத்தாறு மெகாஹேர்ட்ஸ். புரொசசர் அதை நாலரை மடங்காக்கி முந்நூறில் ஓடும். அந்த நாலரை புரொசசருக்குள்ளேயே பூட்டப்பட்டது, யாராலும் தொட முடியாது. அடிப்படை வேகத்தை மட்டும் ஜம்பரால் மாற்றலாம்: எழுபத்தைந்து, எண்பத்து மூன்று, நூறு. நூறு வைத்தால் முந்நூறு நானூற்றைம்பது ஆகும். வேகம் கூடக்கூட மின்னழுத்தமும் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டும், அழுத்தம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் கணக்குப் பிழைக்கும். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று இணங்க வைப்பதுதான் தொழில்.

மிஸ் ஸ்டெல்லாவுக்கு இதற்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் அறையின் வெப்பத்தை எழுத வேண்டும், ஏனென்றால் காலையில் நின்று பிடிக்கும் இயந்திரம் பகல் இரண்டு மணிப் புழுக்கத்தில் விழும். பிறகு புரொசசரின் மேல் சூட்டை இறக்க இருக்கும் அலுமினியத் தட்டைக் கழற்றி, பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, புதுப் பசையைத் தடவுவார். பசை எவ்வளவு என்று கேட்டால், “அடியில உள்ள எழுத்து மங்கலாத் தெரியணும்” என்பார். அதற்குமேல் இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி. அழுத்தத்தை ஒரு தரத்துக்கு ஒரு வோல்ட்டில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற விடமாட்டார். ஒவ்வொரு படியிலும் புரொசசரை விடாமல் கணக்குப் போடவைக்கும் கணக்குச் சோதனை, மணிக்கணக்காக. கடைசியில் ஒரு பெரிய ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு தரம் பிரதி எடுத்து, இரண்டையும் ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட வேண்டும். எல்லாம் ஒரு புத்தகத்தில் கட்டம் கட்டமாக எழுதப்படும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘ஒப்பிட்டது’.

சேர்ந்து எட்டாம் மாதம் என்று நினைக்கிறேன், ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு வேலைக்குப் போகும்போது சோதனைச் சாவடியில் என்னைப் பஸ்சிலிருந்து இறக்கினார்கள். பையில் இருந்தவை: வயர் நீட்டிய ஒரு வெப்பமானி, மீற்றர், சின்ன விசிறிகள் இரண்டு, வெள்ளைப் பசைக் குழாய் ஒன்று. அடையாள அட்டையில் ஹட்டன் விலாசம், தங்கியிருப்பது கொட்டாஞ்சேனை, வேலை வெள்ளவத்தை. அந்தப் பையையும் அந்த அட்டையையும் சேர்த்துப் பார்த்த சிப்பாய்க்குக் குண்டைத் தவிர வேறு என்ன தோன்றும்? பொலிஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சில் இருத்தினார்கள். பசையை ஒருவர் முகர்ந்து பார்த்தார், இன்னொருவர் தூரத்தில் நின்றார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை.

மூன்று மணித்தியாலம் கழித்து மிஸ் ஸ்டெல்லா வந்தார். கையில் அந்தப் புத்தகமும் ஒரு பழைய மதர்போர்ட்டும். இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. மேசையில் போர்ட்டை வைத்து, பையிலிருந்த ஒவ்வொரு பொருளும் எங்கே பொருந்தும், எதற்காக என்று சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் காட்டினார். வெப்பமானியை இன்ஸ்பெக்டரின் தேநீர்க் கோப்பையில் சாய்த்து எண்ணை வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்தார். அரை மணித்தியாலத்தில் என்னை விட்டார்கள். பஸ்சில் திரும்பும்போது மிஸ் ஸ்டெல்லா ஒன்றுதான் சொன்னார்: “நாளைக்குக் காலையில அந்த வேலை இருக்கு, மிஸ்டர் குமார். பயந்தா போகாதீங்க, வேற ஆளை அனுப்புறன்.” நான் போனேன். போகாமல் இருந்திருந்தால் பிறகு எந்தப் பஸ்சிலும் அந்தப் பையோடு ஏறியிருக்க மாட்டேன்.

இனி ரவியின் கதை. ரவி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வெள்ளவத்தையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தார். அந்த வருஷங்களில் வெளிநாட்டிலிருந்து மாப்பிள்ளை மூன்று வாரம் லீவில் வருவார், கொழும்பில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டுவார், திரும்பிப் போய்விடுவார். பெண் தகப்பனோடு லொட்ஜில் தங்கி விசாவுக்குக் காத்திருப்பாள். கல்யாணம் உண்மையானது என்று காட்டத் தூதரகத்துக்குப் படம் கொடுக்க வேண்டும். ரவி கசெட்டில் எடுத்ததைக் கணினியில் ஏற்றி, இறுவட்டாக, அதாவது சீடியாக, மாற்றிக் கொடுப்பார். ஒரு மணித்தியாலப் படத்தை மாற்ற அவருடைய இயந்திரத்துக்கு ஆறு மணித்தியாலம் வேண்டும். கிடைப்பது ஐந்து. ராத்திரியில் ஓட விடவும் வழியில்லை. கட்டடச் சொந்தக்காரர் தீக்குப் பயந்து எட்டு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்டைப் பூட்டிவிடுவார். துண்டு துண்டாகச் செய்து ஒட்டினால், ஒட்டிய இடத்தில் ஒலி விலகும்.

அந்த இயந்திரத்தை நான்தான் பொறுப்பெடுத்தேன். நேரே நூறு வைத்துப் பார்த்தேன். திரை உறைந்தது. மெமரி பழசு, நூறைத் தாங்காது. எண்பத்து மூன்றில் வைத்தேன், உடனே ஓடியது. அழுத்தம் கூட்டத் தேவையில்லை, சூடும் இல்லை. கணக்குப் போட்டேன், நாலே முக்கால் மணித்தியாலத்தில் வேலை முடியும். நூறு துணிச்சல், அறுபத்தாறு போதாது, நடுவில் இருப்பதுதான் பத்திரம் என்று நினைத்தேன். தொழிற்சாலையில் அப்படித்தான். எந்த மோட்டாரையும் நடு வேகத்தில் ஓட்டினால் கெடாது.

மிஸ் ஸ்டெல்லாவுக்கு எண்பத்து மூன்று பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். வைத்தால் ஒப்பிடாமல் வெளியே விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். பத்தரையிலிருந்து கணக்குச் சோதனையை ஓட விட்டேன். ஒரு பிழையும் இல்லை. ஒப்பிடுகிற வேலை மட்டும் மிச்சம் இருக்கும்போது மூன்றரை ஆனது, கரண்ட் போனது. அடுத்த நாளே ரவிக்கு ஒரு கல்யாணப் படம் முடிக்க வேண்டியிருந்தது. புரொசசர் ஐந்து மணித்தியாலம் பிழையில்லாமல் கணக்குப் போட்டதே, இனி என்ன என்று இயந்திரத்தைக் கொடுத்துவிட்டேன். புத்தகத்தில் கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். பொய் எழுதவில்லை. ஆனால் மிஸ் ஸ்டெல்லாவிடம் சொல்லவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ரவி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடைப் படி ஏறி வந்தார். தாரணி என்று பெயர். இருபத்தாறு வயதிருக்கும். முந்தின நாள் தூதரகத்தில் நேர்முகம். அங்கே அதிகாரி இறுவட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். தாலி கட்டும் இடத்தில் படம் சிதறி, பச்சைக் கட்டங்களாக உடைந்து, ஒலி துள்ளி, மறுபடி சேரும்போது மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டாராம். இது வெட்டி ஒட்டிய படமா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இல்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். எட்டு நாளில் மறுபடி வரச்சொல்லி, கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டாராம்.

அரை மணித்தியாலம் தாருங்கள் என்று கேட்டு, ரவியோடு ஸ்டூடியோவுக்குப் போனேன். இறுவட்டைப் போட்டுப் பார்த்தேன், அவள் சொன்னபடியே இருந்தது. கணினியில் ஏற்றி வைத்த படத்தைத் திறந்தேன், அதிலும் அதே உடைவு. மூலக் கசெட்டை டெக்கில் போட்டேன். தாலி ஏறுகிறது, மேளம் கேட்கிறது, ஒரு புள்ளி குறையில்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஹார்ட் டிஸ்க்கும் மற்றக் கார்ட்களும் அடிப்படை வேகத்தின் ஒரு பங்கில் ஓடுகின்றன. அறுபத்தாறில் அவற்றுக்குப் பாதி, அதாவது முப்பத்து மூன்று. நூறு வைத்தால் போர்ட் தானாக மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்கும், அதுவும் முப்பத்து மூன்று. ஆனால் எண்பத்து மூன்றில் அந்த வசதி இல்லை. பாதிதான், நாற்பத்தொன்றரை. புரொசசர் சுகமாக இருந்தது. ஹார்ட் டிஸ்க் தாங்க முடியாத வேகத்தில் எழுதி, இடையிடையே பிழையாக எழுதிக்கொண்டிருந்தது. நான் பத்திரம் என்று நினைத்த நடுதான் மூன்றிலும் மோசமான இடம். ஒப்பிட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் ரவி என்னைப் படியடியில் நிறுத்தினார். “குமார் அண்ணை, கசெட் பழுது எண்டு சொல்லி விடுவம். கசெட் எண்டால் பழுதாகிறதுதானே. ஒருத்தரும் கேக்க மாட்டினம்.” அவர் கெட்டவர் அல்ல. அந்த மாதம் அவர் செய்து கொடுத்த மற்றப் படங்களை நினைத்துப் பயந்தார். நானும் பயந்தேன். கசெட் என்று சொன்னால் என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்துவிடும், அவளுடைய விசா உட்பட.

மேலே தாரணி கதிரையின் நுனியில் இருந்தாள். அழவில்லை. என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. பிழை கசெட்டிலயோ, மெஷினிலயோ?”

“கசெட்ல பிழை இல்லைங்க,” என்றேன். “பிழை மெஷின்ல. மெஷினை அப்படி வச்சது நான்.”

ரவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள், “அப்ப கசெட் நல்லா இருக்கு,” என்றாள். அந்த ஒரு வசனத்தில் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். எனக்கு வந்தது வெட்கம். அவளுக்கு வந்தது வழி. லொட்ஜில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு இன்னும் இரண்டு வாரம்தான் என்றும், விசா மறுத்தால் ஊருக்குத் திரும்பிப் போக யுத்தத்துக்கு நடுவே பாதை திறந்திருக்கிறதா என்றுகூடத் தெரியாது என்றும் சொல்லிவிட்டு, எட்டு நாளுக்குள் முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன்.

மிஸ் ஸ்டெல்லா உள்ளறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் போனபோது புத்தகம் மேசையில் விரிந்திருந்தது.

“இந்தக் கட்டம் ஏன் வெறுமையா இருக்கு, மிஸ்டர் குமார்?”

“கரண்டு போயிருச்சு மிஸ்.”

அவர் காத்திருந்தார். கீழே சேலைக் கடையில் யாரோ விலை பேசுவது கேட்டது.

“ஆறு மணிக்குத் திரும்ப வந்துச்சு,” என்றேன். “நான்தான் செய்யல.”

தலையை ஆட்டினார். பிறகு உடனே வேலையைப் பேசினார். எங்கள் கடையின் இயந்திரத்தில் செய்ய முடியாது, கசெட்டிலிருந்து படம் எடுக்கும் கார்ட் ரவியின் இயந்திரத்தோடுதான் ஒத்துப்போகும். எங்கள் கட்டடத்திலும் ராத்திரியில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள், கீழே சேலைக் கடையின் ஜெனரேட்டரில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் அதையும் நம்ப முடியாது. ஆகவே அதே இயந்திரம், அதே ஐந்து மணித்தியாலம். ஆனால் நூறில், முறையாக. நீங்களே செய்யுங்கள், நான் பார்ப்பேன் என்றார்.

முதல் நாள் ஸ்டூடியோவில் ஜம்பரை அறுபத்தாறுக்குத் திருப்பி, ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. இரண்டாம் நாள் நூறைத் தாங்கும் மெமரி தேடிக் கொழும்பு முழுக்க அலைந்து, மாலையில் ஒரு கடையில் பிடித்தேன். மூன்றாம் நாள் அலுமினியத் தட்டைக் கழற்றி, பெரிய தட்டு மாட்டிப் பசை தடவினேன். மிஸ் ஸ்டெல்லா குனிந்து பார்த்து, “எழுத்துத் தெரியேல்ல” என்றார். துடைத்து மறுபடி தடவினேன்.

நூறு வைத்து, சாதாரண அழுத்தமான இரண்டு வோல்ட்டில் தொடங்கினோம். இருபது நிமிஷத்தில் சோதனை விழுந்தது. இருபதில் ஒரு பங்கு கூட்டினோம். இரண்டு மணித்தியாலம் தாக்குப்பிடித்தது, பகல் ஒரு மணிப் புழுக்கத்தில் விழுந்தது. நாலாம் நாள் அதேயளவு இன்னும் ஒரு படி ஏற்றினேன். மூன்றரை வரை தாக்குப்பிடித்தது, ஆனால் தட்டின் சூடு ஐம்பத்திரண்டு டிகிரி. மிஸ் ஸ்டெல்லா வெப்பமானியை வாசித்துவிட்டு, “நாளைக்கு வெயில் இன்னும் கூட இருந்தா?” என்று கேட்டார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஒரு மேசை விசிறியை வயரால் கட்டி உள்ளே காற்றடிக்க வைத்தேன். நாற்பத்தாறுக்கு இறங்கியது. ஐந்தாம் நாள் மின்சாரம் வந்ததிலிருந்து போனது வரை சோதனை. அதன்பின் மாலை ஆறு மணிக்கு ஒப்பிடுதல், ஒரு தரமல்ல, நான்கு தரம். ஓர் எழுத்து வித்தியாசமில்லை. கட்டத்தை நிரப்பினேன்.

ஆறாம் நாள் மாலை கசெட்டை மறுபடி ஏற்றினோம். ஏழாம் நாள் பத்தரைக்குக் கரண்ட் வந்ததும் மாற்றும் வேலையைத் தொடங்கினேன். நாலு மணித்தியாலம், இரண்டரைக்கு முடிய வேண்டும். தாரணியும் வந்து ஒரு மூலையில் இருந்தாள். திரையில் ஒரு சின்னச் சதுரத்தில் கல்யாணம் மெல்ல மெல்ல நகர்ந்தது.

பன்னிரண்டு மணிபோல ஒழுங்கையில் விசில் சத்தம். சுற்றிவளைப்பு. வீடு வீடாகத் தேடி, எல்லாரையும் அடையாள அட்டையோடு விளையாட்டு மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். ஸ்டூடியோவுக்குள் இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். இளையவன் கண் நேரே அந்த இயந்திரத்துக்குத்தான் போனது. பக்கத் தகடு இல்லாத பெட்டி, வயரால் கட்டிய விசிறி, உள்ளே தொங்கும் வெப்பமானி. என்ன இது, அணை என்றான். சுவர் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான்.

எனக்குப் பொலிஸ் நிலையத்துப் பெஞ்ச் ஞாபகம் வந்தது. ஆனாலும் அவனுக்கும் சுவிட்சுக்கும் இடையில் போய் நின்றேன். “மேக நிவன்ட எப்பா, மாத்தயா,” என்றேன். இதை அணைக்க வேண்டாம், ஐயா. என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போங்கள், எவ்வளவு நேரமானாலும் வைத்திருங்கள், இது மட்டும் ஓடட்டும் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். மூத்த சிப்பாய் கிட்டே வந்து திரையைப் பார்த்தார். ஐயர் ஓமம் வளர்த்துக்கொண்டிருந்தார். இது யாருடைய கல்யாணம் என்று கேட்டார். மூலையில் நின்ற தாரணி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் பெட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். மேசையின் கீழே பார்த்தார். பிறகு இளையவனை அழைத்துக்கொண்டு, எங்களை முன்னே நடக்கச் சொன்னார். சுவிட்சைத் தொடவில்லை.

மைதானத்தில் வெயிலில் வரிசை. ரவி, நான், தாரணி, ஒழுங்கை முழுக்க. ஸ்டூடியோவில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் வெப்பமானியைப் பார்க்க ஆளில்லை. அறைக்கதவும் பூட்டியிருந்ததால் புழுக்கம் கூடும். அழுத்தத்தை இன்னும் ஒரு படி குறைத்திருக்கலாமோ, கூட்டியிருக்கலாமோ என்று ஒவ்வொரு எண்ணாக மனதில் ஓட்டினேன். ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டேன். செய்ய வேண்டியதை எல்லாம் இந்தத் தடவை செய்திருந்தேன், ஒன்றையும் விடவில்லை. வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன்.

மூன்று மணிக்குச் சற்று முன்புதான் விட்டார்கள். ரவி ஓடினார், நாங்கள் பின்னால். கதவைத் திறந்தால் அனல். விசிறி சுழன்றுகொண்டிருந்தது. திரையில் வேலை முடிந்தது என்ற செய்தி, முடிந்த நேரம் இரண்டு முப்பத்தாறு. உடனே இறுவட்டில் பதிவு செய்தோம். பதிவு முடிந்து இறுவட்டைக் கையில் எடுத்துப் பத்து நிமிஷத்தில் கரண்ட் போனது. ஆறு மணிக்கு அது திரும்பி வந்ததும் இறுவட்டு பிளேயரில் போட்டு, முதலிலிருந்து கடைசிவரை, மிஸ் ஸ்டெல்லாவும் சேர்ந்து பார்த்தோம். தாலி கட்டும் இடம் வந்தது. படம் முழுசாக ஓடியது.

அடுத்த நாள் நானும் தாரணியோடு தூதரகத்துக்குப் போனேன். மிஸ் ஸ்டெல்லா ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதியிருந்தார்: முதல் இறுவட்டின் பிழை எங்கள் கடையின் பிழை, காரணம் இது, மூலக் கசெட் இதோடு இருக்கிறது. கீழே அவர் கையெழுத்தும் என் கையெழுத்தும். கடைக்குப் பெயர் கெட்டுவிடும் என்று ரவி சொன்னதற்கு, கெட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

தாரணியை உள்ளே அழைத்து முக்கால் மணித்தியாலம் கழித்து என்னையும் கூப்பிட்டார்கள். மேசைக்கு அப்பால் அதிகாரி, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். கடிதத்தை விரலால் தட்டி அதிகாரி ஒன்று கேட்டார். இப்படி எழுதித் தரச்சொல்லி யாராவது உங்களைக் கேட்டார்களா என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

“இல்லைங்க,” என்றேன். “வேற மாதிரி சொல்லச் சொல்லித்தான் கேட்டாங்க.”

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு அதை அப்படியே சொன்னார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கசெட்டை வாங்கி அங்கேயே ஓடவிட்டார். எங்களை வெளியே இருக்கச் சொன்னார். அன்றைக்கு ஒரு முடிவும் சொல்லவில்லை. லொட்ஜ் பதிவைத் தாரணியின் தகப்பன் எப்படியோ அலைந்து இன்னும் ஒரு மாதம் நீடித்துக்கொண்டார். ஐந்து வாரத்துக்குப் பிறகு விசா வந்தது.

ரவி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. எண்பத்து மூன்றில் ஓடிய நாட்களில் செய்து கொடுத்த படங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். உடைந்திருந்த மூன்றையும் திருப்பிச் செய்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன்பின் பேசினார். அந்த இயந்திரம் நூறிலேயே மூன்று வருஷம் ஓடியது.

தாரணிக்கு விசா வந்த அன்றைக்கு மிஸ் ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டார். ஆறு மாதத்துக்கு நான் எந்த இயந்திரத்தின் வேகத்தையும் தொடக்கூடாது, கீபோர்ட்டும் பிரின்டரும் மட்டும் என்றார். விசா வரும்வரை அவர் அதைச் சொல்லாமல் காத்திருந்தார் என்பது எனக்கு விளங்கியது. சரி மிஸ் என்றேன். அது சரியான தண்டனை. நானே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தால் ஒரு வருஷம் சொல்லியிருப்பேன்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு பின்னேரம் கடைத் தொலைபேசி அடித்தது. வெளிநாட்டுக் கோல், எனக்கு. தூரத்தில் இரைச்சலுக்குள் தாரணியின் குரல். சுகமாக வந்து சேர்ந்துவிட்டதாகவும், அங்கே குளிர் தொடங்கிவிட்டதாகவும் சொன்னாள். புருஷனின் சொந்தக்காரர் எல்லாரும் கூடியிருந்து நேற்றுக் கல்யாணப் படம் போட்டுப் பார்த்தார்களாம். கல்யாணத்துக்கு வர முடியாமல் போன மாமியார், தாலி கட்டும் இடத்தை மூன்று தரம் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னாராம்.

“ஒண்டும் உடையேல்லை, அண்ணை,” என்றாள்.

பிறகு கோல் அறுந்துவிட்டது. போனை வைத்துவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன். கழற்றிய கீபோர்ட் ஒன்று பாதியில் கிடந்தது. என் தண்டனையில் இன்னும் இரண்டு மாதம் மிச்சம் இருந்தது. தூரிகையை எடுத்து, அடுத்த வரிசை எழுத்துகளைத் துடைக்கத் தொடங்கினேன்.